மஞ்சள் தடவிய மொட்டைக் கடிதம்

அத்தியாயம் 5

லோகேஸ்வரி நீட்டிய உறையை ஜெய்னுலாப்தீன் பிரித்துப் படிக்கவில்லை. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார்.

"முதலாளி, அது மொட்டைக் கடிதம். பிரியாணிப் பொட்டலம் இல்ல" என்றார் கதவோரம் நின்ற குமரவேல்.

ஜெய்னுலாப்தீன் அதைக் காதில் வாங்கவில்லை. உறையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, அதன் நான்கு மூலைகளையும் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தடவினார். பிறகு விரலைப் பார்த்தார். ஏதோ கிடைத்துவிட்டதைப் போலத் தலையை ஆட்டிக்கொண்டு, லோகேஸ்வரியை உட்காரச் சொன்னார்.

அந்த அலுவலகம் கோல சிலாங்கூர் டவுனில் ஒரு முடிதிருத்தும் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. வாசலில் 'சர்வதேசப் புலனாய்வு நிறுவனம்' என்று பலகை. அதன் பெயின்ட்டுக்கு அடியில் 'கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, புதுமனை' என்ற பழைய எழுத்துகள் இன்னும் எட்டிப் பார்த்தன. முப்பது வருடம் பத்திரிகை அச்சடித்தவர் ஜெய்னுலாப்தீன். ஒரே மாப்பிள்ளை ஒரே வருடத்தில் இரண்டு வேறு பெண்களோடு பத்திரிகை அடிக்க வந்ததைக் கண்டுபிடித்து, இரண்டாவது பெண் வீட்டாரிடம் சொன்னார். அன்றிலிருந்து பத்திரிகைக்கு வந்தவர்களைவிட மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வந்தவர்கள் அதிகமாகிவிட்டார்கள். சர்வதேசம் என்பது ஜொகூர் பாலம் வரைக்கும்தான். ஒரு மாப்பிள்ளையைத் துரத்திக்கொண்டு சிங்கப்பூர் போகக் கிளம்பியபோது, பாஸ்போர்ட் காலாவதியாகி இருந்தது பாலத்துக்கு இந்தப் பக்கம்தான் தெரியவந்தது.

குமரவேல் அவருக்கு ஓட்டுநர், உதவியாளர், சம்பளத்தில் சேராத விமர்சகர். அதற்கு முன்னால் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர்.

"முதல்லேருந்து ஒரு தடவை சொல்லிடுங்கம்மா" என்றார் ஜெய்னுலாப்தீன். "சுருக்கமா."

லோகேஸ்வரிக்குச் சுருக்கம் வராது. நாற்பது நிமிடத்துக்குக் குறைந்து அவள் எதையும் பேசிப் பழக்கமில்லை. ஈஜோக் பக்கத்தில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பதினைந்து வருடமாக மனிதவளப் பிரிவில் வேலை. அது பகல் முகம். இரண்டு வருடமாக 'மெல்ல' என்ற பெயரில் ஒரு மனநல பாட்காஸ்ட். அதில் அவள் பெயர் அமைதி அக்கா. வியாழக்கிழமை தோறும் அமைதி அக்கா ஊருக்குச் சொல்வாள்: ஒன்பது மணிக்குக் கைப்பேசியை அணையுங்கள், எட்டு மணி நேரம் உறங்குங்கள், உடம்பு பேசினால் காது கொடுங்கள். இதையெல்லாம் எழுதி முடிக்க அவளுக்கு இரவு இரண்டாகும். காலை ஆறு மணிக்கு வயிற்றெரிச்சல் மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குப் போவாள். உடம்பு பேசிக்கொண்டுதான் இருந்தது. அதற்குப் பேட்டி கொடுக்க அவளுக்கு நேரமில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் சுங்கை புரோங்கில் தங்கை அன்பரசி வீட்டில் ஒலிப்பதிவு. வெட்டுவது, ஒட்டுவது, ஏற்றுவது எல்லாம் அன்பரசி. வேலையிடத்தில் யாருக்கும் தெரியாது. தெரியக் கூடாது. வெளியில் எந்தத் தொழிலும் நடத்தக் கூடாது என்று கம்பெனிக் கையேட்டில் பதினான்காம் விதி இருந்தது. அதை மீறினால் வேலை போகும்.

"கடுமையான விதிதான்" என்றார் ஜெய்னுலாப்தீன். "எழுதினது யாரு?"

லோகேஸ்வரி மேசை மேலிருந்த காகிதக் கத்தரியைப் பார்த்தாள். "நான்தான் பாய்."

போன வருடம் வாசல் காவல்காரர் ஒருவர் பைக்கில் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் பொட்டலம் வைத்து விற்றதற்கு, அதே விதியின் கீழ் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்ததும் அவள்தான். அதை அவள் சொல்லவில்லை.

இரண்டு வாரத்துக்கு முன் மானேஜருக்கு மலாய் மொழியில் கணினியில் அடித்த ஒரு பக்கக் கடிதம் வந்தது. கையெழுத்து இல்லை. அமைதி அக்கா யார் என்று அதில் இருந்தது. எத்தனை நிகழ்ச்சிகள், எந்தெந்தத் தேதி, எத்தனை பேர் கேட்டார்கள் என்பது உட்பட. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு உள்விசாரணை என்ற அறிவிப்போடு கடிதத்தின் நகலும் அவளிடம் வந்தது. மானேஜரின் காரியதரிசி குப்பைக் கூடையில் போட்ட உறையை லோகேஸ்வரி மீட்டு வைத்திருந்தாள்.

"இதை அனுப்பினது செல்வா, பாய். எனக்குக் கீழ வேலை செய்றவன். போன தடவை பதவி உயர்வு எனக்குக் கிடைச்சுது, அவனுக்குக் கிடைக்கல. உறையில தஞ்சோங் காராங் முத்திரை பாருங்க. அவன் வீடு அங்கதான். என் கம்ப்யூட்டரத் திறந்து பார்த்திருக்கான்." கைப்பையிலிருந்து மூன்று பக்கம் எடுத்து வைத்தாள். "விசாரணைக்கு நான் எழுதின வாக்குமூலம். நீங்க ஒரு அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டீங்கன்னா பின் இணைப்பா வச்சிடுவேன். சக ஊழியர் மேல பொறாமையில அவதூறு. அவன்தான் வெளிய போவான்."

ஜெய்னுலாப்தீன் அந்த மூன்று பக்கத்தையும் படித்தார். 'செல்வா' என்ற பெயர் பதினொரு தடவை வந்தது. பிறகு மொட்டைக் கடிதத்தின் நகலை எடுத்து, மலாயைத் தமிழாக்கிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"'இவருடைய நிகழ்ச்சியால் பல பேர் மன நிம்மதி அடைந்திருக்கிறார்கள்.' ம். 'இதுதான் இவருடைய உண்மையான பணி.' இது புகாராம்மா, பாராட்டுப் பத்திரமா?"

"கிண்டலா எழுதியிருக்கான்."

"செல்வா உங்களப் பத்தி வேற எங்கயாச்சும் இப்படிப் பேசியிருக்காரா?"

"எனக்கு குட் மார்னிங் கூட சொல்ல மாட்டான்."

"என் பொஞ்சாதி இருபது வருஷத்துல என்னப் பத்தி இப்படி ஒரு வரி சொன்னதில்ல" என்றார் குமரவேல். "இப்படி ஒரு மொட்டைக் கடிதம் எனக்கு வந்தா கண்ணாடி போட்டு மாட்டி வைப்பேன்."

ஜெய்னுலாப்தீன் உறையை அவள் பக்கம் தள்ளினார். "மூலையப் பாருங்க."

நான்கு மூலைகளிலும் மங்கலாக மஞ்சள்.

"கறை. யாரோ கறி சாப்பிட்ட கையோட தொட்டிருக்காங்க."

"கறி சாப்பிட்ட கை நாலு மூலையையும் தேடித் தேடித் தொடாதும்மா. முப்பது வருஷம் உங்க ஆளுங்களுக்குப் பத்திரிகை அடிச்சவன் நான். வாங்கின உடனே நாலு மூலைக்கும் மஞ்சள் வைப்பாங்க. அதுக்குன்னே கடையில மஞ்சப்பொடிப் பொட்டலம் வச்சிருந்தேன், கட்டுக்கு ஒண்ணு இனாம். கல்யாணத்துக்கு வைப்பாங்க, புதுமனைக்கு வைப்பாங்க. பதினாறாம் நாள் காரியத்துக்கு அடிக்கிற கார்டுல எவனும் மஞ்சள் வச்சு நான் பார்த்ததில்ல." உறையைக் கவிழ்த்துத் தட்டினார். காய்ந்து சுருண்ட ஒரு செவ்வந்தி இதழும் கொஞ்சம் குங்குமமும் மேசையில் விழுந்தன. "சாமி காலடியில வச்சு எடுத்துட்டு, அப்புறமா தபால்ல போட்டிருக்காங்க. உங்களுக்குக் கெடுதல் பண்றோம்னு நெனச்சு அனுப்பல. நல்ல காரியம்னு நெனச்சு அனுப்பியிருக்காங்க."

"சூனியமா இருக்கும்" என்றாள் லோகேஸ்வரி. அறிவியல் பூர்வமான நலவாழ்வைப் பற்றி அவள் எட்டு நிகழ்ச்சிகள் செய்திருந்தாள்.

"சூனியம்னா எலுமிச்சம்பழமாவது இருக்கணும்க்கா" என்றார் குமரவேல். "இது ரொம்ப சிக்கனமா இருக்கு."

ஜெய்னுலாப்தீன் சட்டைப்பையில் கண்ணாடியைச் செருகிக்கொண்டார். "தஞ்சோங் காராங் பக்கம் நம்ம தமிழ்க் கோயில் எத்தனைப்பா?"

"எல்லாம் வயலும் மலாய்க்காரங்க இருக்கிற கம்பமும்தான் முதலாளி. ஒரு கை விரலே மிச்சமாயிடும். தபால் ஆபீசுக்குக் கிட்டன்னா ஒரே ஒரு மாரியம்மன் கோயில். பூசாரி சோமுவ எனக்குத் தெரியும்."

"காரை எடு."

பழைய புரோட்டோன் சாகா கார் ஆற்றுப் பாலத்தைத் தாண்டியது. பின் இருக்கையில் லோகேஸ்வரி, மடியில் வாக்குமூலத்தோடு. செம்பனை வரிசைகள் விலகி, இரு பக்கமும் வயல்கள் தட்டையாக விரிந்தன. சாலையை ஒட்டியே வாய்க்கால் கூட வந்தது.

"இங்கதான்க்கா" என்று குமரவேல் ஒரு வளைவைக் காட்டினார். "உங்க நாலாவது நிகழ்ச்சி. 'மூச்சை எண்ணுவோம்.' லோரியில போட்டுக் கேட்டுக்கிட்டு வந்தேன். பதினேழு வரைக்கும் எண்ணினேன். பதினெட்டுல லோரி வாய்க்கால்ல நின்னுச்சு. அன்னிக்கோட அந்த வேலை போச்சு."

"வண்டி ஓட்டும்போது கேட்கக் கூடாதுன்னு ஆரம்பத்துலயே சொல்லியிருந்தேனே."

"சொன்னீங்க. அதுக்குள்ள எனக்கு அமைதி வந்துருச்சு."

கைப்பேசியில் அன்பரசியின் செய்தி வந்தது. 'அக்கா, சாப்டியா? நாளைக்கு ரெக்கார்டிங் இருக்கா? முடியலன்னா ரெஸ்ட் எடு லா.' விசாரணையைப் பற்றி அன்பரசியிடம் அவள் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் பயந்துவிடுவாள். பாவம், பத்து மாதத்துக்கு முன் பல் மருத்துவமனை வேலையை விட்டுவிட்டு, பாட்காஸ்ட்டே உலகம் என்று இருக்கிறவள். 'அப்புறம் பேசுறேன்' என்று லோகேஸ்வரி பதில் போட்டாள். இந்த அலைச்சலிலும் நம்பிச் சாய ஒரு தோள் இருக்கிறது என்று நினைத்தபோது நெஞ்சு கொஞ்சம் லேசானது. இதை வைத்தே ஒரு நிகழ்ச்சி செய்யலாம் என்றும் தோன்றியது.

"நேத்து நீங்க போன்ல பேரச் சொன்னதுமே, சாயங்காலம் உங்க செல்வா வீட்டுப் பக்கம் போயிருந்தேன்க்கா" என்றார் குமரவேல், கண்ணாடியில் அவளைப் பார்த்து. "நல்ல மனுஷன். தண்ணி குடுத்தாரு. சுவத்துல பெருசா சிலுவை. பக்கத்து வீட்டம்மா சொன்னாங்க, ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பாட்டுக்கு கிட்டார் வாசிப்பாராம். முழுப்பேரு செல்வா டேனியல்."

லோகேஸ்வரி மடியில் இருந்த வாக்குமூலத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"அவரு மாரியம்மன் காலடியில கடுதாசி வைக்கணும்னா, முதல்ல அவங்க பாஸ்டர்கிட்ட லீவு எழுதிக் குடுத்துட்டுதான் வரணும்."

பதினோரு வருடமாக அடுத்த மேசை. அவனுடைய கோப்பு அவள் அலமாரியில்தான் இருந்தது. டிசம்பர் மாதம் தோறும் அவன் அலுவலகத்துக்கு கேக் கொண்டு வருவான். பொது விடுமுறை சந்தோஷத்தில் வாங்கி வருகிறான் என்று நினைத்து அவளும் சாப்பிட்டிருக்கிறாள். 'பக்கத்தில் இருப்பவரை ஆழ்ந்து கேளுங்கள்' என்பது அவளுடைய பன்னிரண்டாவது நிகழ்ச்சி.

"அப்ப அந்த மூணு பக்கம்?" என்றார் ஜெய்னுலாப்தீன், திரும்பிப் பார்க்காமல்.

"திங்கட்கிழமை வரைக்கும் இருக்கட்டும் பாய். வேற பேரு கிடைக்கலன்னா என்ன பண்றது?"

குமரவேல் வண்டியைக் கோயில் பக்கம் ஒடித்தார்.

கோயில் சிறியது. தகரக் கூரை, முன்னால் சிமெண்டுத் தளம், சாலைக்கு அந்தப் பக்கம் கதிர் முற்றிய வயல். பூசாரி சோமு விளக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டி ஓய்வுபெற்றவருக்குத் தோள்கள் இன்னும் இறங்கவில்லை.

"நேரா கேட்டா சாமி காரியத்தச் சொல்ல மாட்டாரு" என்று குமரவேல் காதோடு சொன்னார். "ஒரு அர்ச்சனை போடுவோம். தேங்காய் உடைஞ்சா அண்ணன் வாயும் திறக்கும்."

தட்டு வந்தது. சோமு அதை வாங்கிக்கொண்டு லோகேஸ்வரி பக்கம் திரும்பினார். "பேரு, நட்சத்திரம் சொல்லும்மா."

அவள் கோயிலுக்கு வந்தே மூன்று வருடம் ஆகியிருந்தது. ஞாயிறு தோறும் இந்தத் தெருவைத் தாண்டித்தான் அன்பரசி வீட்டுக்குப் போவாள். கார் ஒரு நாளும் நின்றதில்லை. "லோகேஸ்வரி. அனுஷம்."

சோமுவின் கை தட்டோடு நின்றது. அவளை உச்சியிலிருந்து பாதம் வரை பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"நீங்கதானா அது? உடம்பு தேவலையாம்மா இப்ப?"

"எனக்கு என்ன உடம்புக்கு?"

"இல்ல, வெள்ளிக்கிழமை தவறாம உங்க பேருக்குத்தானே அர்ச்சனை பண்ணிக்கிட்டு இருக்கேன். விருச்சிக ராசி, அனுஷ நட்சத்திரம், லோகேஸ்வரி. ஒண்ணரை வருஷம் இருக்கும். ஒரு வாரம் விட்டதில்ல. ரொம்ப முடியாம படுத்த படுக்கையா இருக்கீங்கன்னு நெனச்சேன். எந்திரிச்சு நடமாடுறீங்களே, அம்மன் கண்ணத் திறந்துட்டா."

"யாரு பண்றது?" லோகேஸ்வரியின் குரல் அமைதி அக்காவின் குரலாக இல்லை.

"அந்தப் பொண்ணு பேரு கேட்டதில்லம்மா. பேருகூட மறந்துருவேன், நட்சத்திரம் மறக்க மாட்டேன். பூரட்டாதி. அது தனக்கு ஒரு தடவைதான் அர்ச்சனை போட்டுச்சு, அது பொறந்த நாள் அன்னிக்கு. 'எங்க அக்கா தூங்கறதே இல்ல, அவங்களுக்குத் தூக்கம் வரணும்'னு வேண்டிக்கும். எப்ப வந்தாலும் அதே வேண்டுதல்தான்."

ஜெய்னுலாப்தீன் உறையைக் காட்டினார். "இது தெரியுதாண்ணே?"

"தெரியாம? மூணு வாரம் இருக்கும். 'எங்க அக்காவுக்கு ஒரு நல்ல காரியம் ஆரம்பிக்குது, அம்மன் காலடியில வச்சுக் குடுங்க'ன்னுச்சு. மஞ்சள் வச்சு நான்தான் குடுத்தேன். சட்டுன்னு நடக்கணும்னு அர்ச்சனையும் சேர்த்துப் பண்ணினேன்." சோமு மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்லபடியா நடந்துச்சா?"

"திங்கட்கிழமை தெரிஞ்சிடும்" என்றார் குமரவேல்.

லோகேஸ்வரிக்கு ஒரே ஒரு தங்கை. பூரட்டாதி நட்சத்திரம்.

காரில் ஏறியதும் அவள் கேட்டாள், "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா பாய்?"

"எதிரி இல்லைன்னு மஞ்சளப் பார்த்தப்பவே தெரியும். யாருன்னு தெரியாதும்மா." உறையை மடியில் வைத்துக்கொண்டார். "உங்களுக்கு வேலை போறது யாருக்குக் கல்யாணம் மாதிரி இருக்கும்னு மட்டும் யோசிச்சுக்கிட்டு வந்தேன்."

சுங்கை புரோங் ஐந்து நிமிடம். வழியை அவள் சொல்ல வேண்டியிருந்தது. வயலோரம் ஒற்றை மாடி வீடு. அன்பரசி கதவைத் திறந்தாள். சனிக்கிழமையே வந்து நிற்கும் அக்கா, கூட இரண்டு அந்நிய ஆண்கள். ஜெய்னுலாப்தீன் கையில் இருந்த உறையைப் பார்த்ததும் அவள் கதவை அகலத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

"மஞ்சள் போகலையா?" என்றாள். "துடைச்சிட்டுதான் போட்டேன்."

கூடத்துக்கு அப்பால் ஒலிப்பதிவு அறை. சுவரெல்லாம் முட்டை அட்டை, ஜன்னலோரம் வெளிச்சத்தம் வராமல் நிறுத்தி வைத்த மெத்தை, நடுவில் மைக். அந்த மெத்தையை அக்காவும் தங்கையும் சேர்ந்து கடையிலிருந்து சுமந்து வந்தார்கள். வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

"ஏன்டி?" என்றாள் லோகேஸ்வரி.

"நீ இறங்க மாட்டேன்னு தெரிஞ்சு போச்சு. அதான் நான் இறக்கி விட்டேன்."

"என் வேலைய! பதினஞ்சு வருஷம். மாசா மாசம் வீட்டுக் கடன். பையன் காலேஜ். உனக்குத் தெரியாதா?"

"அறுபத்தோராவது எபிசோட்" என்றாள் அன்பரசி. குரல் உயரவில்லை. "'உங்களைக் கரைக்கும் வேலையிலிருந்து இறங்குங்கள். விழ மாட்டீர்கள். நான் பிடித்துக்கொள்கிறேன்.' நான்தான் வெட்டி ஒட்டினேன். ஆறு தடவை கேட்டேன். மறுநாள் க்ளினிக்ல லெட்டர் குடுத்தேன். நீ வந்து என்னக் கட்டிப்பிடிச்சு அழுதே. அந்த அழுகைய வச்சு அறுபத்திரண்டாவது எபிசோட் போட்டே. 'ஒரு தோழியின் துணிச்சல்.'"

"நான் பொதுவா சொன்னேன். கேட்கிறவங்களுக்குச் சொன்னேன்."

"நான் கேட்கலையா?"

குமரவேல் சுவரில் இருந்த முட்டை அட்டைகளை எண்ணுகிறவர் போல நின்றார்.

"அடுத்த வருஷம் நானும் விட்டுட்டு வர்றேன், ரெண்டு பேரும் முழு நேரமா செய்யலாம்னு சொன்னே" என்றாள் அன்பரசி. "மார்ச்ல உனக்குப் ப்ரொமோஷன். மூணு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கே."

"யார் சொன்னது?"

"நீதான். ரெக்கார்டிங் நடுவுல போன் வந்துச்சு. மைக்க நிறுத்தாம வெளிய போய்ப் பேசினே. 'தங்கச்சிகிட்ட இன்னும் சொல்லல, அவ தாங்க மாட்டா'ன்னு சிரிச்சே. நான் எடிட் பண்றவக்கா. நீ எச்சில் முழுங்குறதக்கூடக் கேட்டு வெட்டுறவ." அன்பரசி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அந்த இடத்த மட்டும் வெட்டாம வச்சிருந்தேன். அடுத்த ஞாயித்துக்கிழமை சொல்வே, அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை சொல்வேன்னு. ஏழு ஞாயித்துக்கிழமை."

"என்கிட்ட நேரா கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா அத வச்சு இன்னொரு எபிசோட் போடுவே."

லோகேஸ்வரி நாற்காலியில் உட்கார்ந்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள், வந்தது. ஆனால் அது ஒழுங்காக நிற்காமல் ஒரு முறை தங்கை பக்கமும் ஒரு முறை தன் பக்கமும் திரும்பிக்கொண்டிருந்தது. கூடப் பிறந்தவள். தன் பெயருக்கு வாராவாரம் தேங்காய் உடைத்துக்கொண்டே, தன் கழுத்துக்குக் கத்தியையும் அம்மனிடம் கொடுத்துத் தீட்டி வாங்கியவள்.

ஜெய்னுலாப்தீன் தொண்டையைச் செருமினார். "திங்கட்கிழமைக்கு அறிக்கை கேட்டிருந்தீங்கம்மா. யார் பேர எழுதட்டும்?"

அறை அமைதியானது. ஒலிப்பதிவுக்கு ஏற்ற அமைதி. லோகேஸ்வரி கையேட்டின் பதினான்காம் விதியை மனதுக்குள் வரி வரியாகப் படித்தாள். எழுதியவளுக்குத்தான் அதில் எங்கே ஓட்டை என்று தெரியும்.

"அன்பு, பாட்காஸ்ட் யார் பேர்ல பதிவாகியிருக்கு?"

"என் பேர்ல. உன் பேரு எங்கயும் வரக் கூடாதுன்னு நீதானே சொன்னே."

"கணக்கு, மின்னஞ்சல், எல்லாம்?"

"எல்லாம்."

"அப்ப எழுதுங்க பாய்." குரலில் அலுவலகத்து உலர்வு வந்துவிட்டது. "நிகழ்ச்சி என் தங்கச்சியோடது. முழுக்க அவளோட தொழில். குடும்பப் பாசத்துல சில நாள் நான் குரல் குடுத்தேன், அவ்வளவுதான். எனக்கு அதுல எந்த உரிமையும் இல்ல, சம்பந்தமும் இல்ல. பதிவுப் பத்திரத்தோட நகல அவ குடுப்பா." அன்பரசியைப் பார்க்காமல் கேட்டாள். "குடுப்பல்ல?"

அன்பரசி மைக்கின் தலையில் படிந்த தூசியைத் துடைத்தாள்.

"அப்படிச் சொல்லிட்டா அப்புறம் நீ வர முடியாதுல்ல?"

"எப்படி வர முடியும்?"

"ஒரு ஞாயித்துக்கிழமைகூட?"

"அன்பு, வேலை."

"குடுக்குறேன்" என்றாள் அன்பரசி.

ஜெய்னுலாப்தீன் எழுதினார். "செல்வா?" என்று கேட்டார் ஜெய்னுலாப்தீன், பேனாவை மூடாமல்.

"அவர் பேரை எடுத்துடுறேன்" என்றாள் லோகேஸ்வரி. முதல் முறையாக 'அவர்' என்று சொன்னாள்.

வெளியே வெயில் ஏறியிருந்தது. வயலில் அறுவடை இயந்திரம் ஒன்று தூரத்தில் இரைந்துகொண்டிருந்தது. லோகேஸ்வரி காரின் கதவில் கை வைத்தபோது வீட்டுக்குள்ளே மெத்தையை ஜன்னலுக்கு இழுக்கும் சத்தம் கேட்டது. பாதி இழுத்து, ஒற்றை ஆளுக்கு முடியாமல், அன்பரசி அப்படியே விட்டுவிட்டாள் போலிருக்கிறது. அதனால் அவள் குரல் திறந்த ஜன்னல் வழியாகத் தெளிவாக வந்தது. எழுதி வைத்துப் படிக்கிற குரல் இல்லை.

"இது 'மெல்ல'. நான் அன்பரசி. இத்தன நாளா நான் பேசினதில்ல, வெட்டி ஒட்டுற ஆளு. ரெண்டு வருஷமா நீங்க கேட்டது என் அக்கா. இனிமே அவங்க வர மாட்டாங்க. அவங்க யாருன்னு நெறைய பேர் எழுதிக் கேட்டிருக்கீங்க. அவங்க பேரு..."

லோகேஸ்வரியின் விரல்கள் கார்க் கதவை இறுகப் பிடித்தன. ஒரு வார்த்தை போதும். திங்கட்கிழமை, பத்து மணி, பதினைந்து வருடம், எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் நின்றன. குமரவேல் சாவியைத் திருப்பாமல் காத்திருந்தார்.

"பேரு வேணாம்" என்றது குரல். "அவங்களுக்கு வேலை இருக்கு."